எடை இழந்த கரடு

வெள்ளிக்கரடு என்ற குன்றின் கற்கள் எடை இழந்தது ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. அப்போது குவாரியில் மூன்று டன் பாளம் ஒன்றின் ஓரத்தைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்த செங்கோடன், அந்தப் பாளம் கயிற்றுக் கட்டிலைப் போல எழும்பி, தன் முகத்துக்கு நேரே கொஞ்சம் தயங்கி நின்று, மெதுவாக இறங்கி உட்கார்ந்ததைப் பார்த்தான். கடப்பாரையைச் சாய்த்து வைத்தான், வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினான், பக்கத்தில் வாயைப் பிளந்து நின்றவர்களிடம், "மொதலாளிகிட்டக் கேக்காம யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கேட்பதற்காக அலுவலகத்தை நோக்கி நடந்தான். இந்த நாற்பத்தெட்டு வயதுவரை அவன் கேட்காமல் செய்த காரியம் என்று ஒன்றைச் சொல்ல யாராலும் முடியாது.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள ஒன்பது நாள் போதுமாக இருந்தது. நூறு கிலோக் கல் இப்போது ஒரு கிலோதான் கனத்தது. கரட்டில் வெட்டிய கல்லுக்கு மட்டும்தான் இப்படி, இரும்பும் மண்ணும் மனிதரும் பழையபடியே இருந்தார்கள். வீட்டு அம்மிகளில் மிளகாய் நைய மறுத்தது, பெண்கள் குழவியின் மேல் பழைய டிராக்டர் இரும்பைக் கட்டி அரைத்தார்கள். ஆடுகள் தம்மைக் கட்டியிருந்த கல்தூண்களைப் பிடுங்கிக்கொண்டு சோளக்காட்டுக்கு நடந்தன. மழை பெய்து கிணறுகள் நிறைந்தபோது படிக்கற்கள் பெயர்ந்து தண்ணீரோடு மேலே வந்து மிதந்தன, பிள்ளைகள் அவற்றின்மேல் உட்கார்ந்து காலாட்டினார்கள். கரட்டு அய்யனுக்குப் பாலாபிஷேகம் செய்யும்போது சிலை ஆடாமலிருக்க, பூசாரி அதன் இடுப்பில் மஞ்சள் கயிறு கட்டித் தூணோடு பிணைத்தார், அந்தக் கயிற்றுக்கும் ஒரு கதை சொல்லத் தொடங்கினார். ஊர் எல்லையிலுள்ள சிமெண்ட் வளைவைத் தாண்டியதும் கல்லின் எடை முழுசாகத் திரும்பிவிடும் என்பது, முதல் வாரத்தில் மூன்று லாரிகளின் அச்சு அதே இடத்தில் முறிந்தபோது தெரியவந்தது. அதன்பின் ஓட்டுநர்கள் அளவோடு ஏற்றிக்கொண்டார்கள், அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எவருக்கும் எதுவும் இருக்கவில்லை.

செங்கோடனின் தங்கை பரிமளம் அதே ஊர் உயர்நிலைப் பள்ளியில் பதினாறு வருஷமாக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தாள். கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில்தான் விழும் என்று பதினாறு வருஷமாக மேசையில் ஏறி நின்று இரண்டு பொருட்களைப் போட்டுக் காட்டியவள். அந்த வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கையில் சாக்குக்கட்டியையும் மறு கையில் கரட்டுக் கல்லையும் பிடித்து ஒன்றாக விட்டாள். சாக்குக்கட்டி விழுந்து உடைந்தது. கல், வகுப்பு முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி முடித்த பிறகே தரையைத் தொட்டது. பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எனக்குத் தெரியல. ஏன்னு எனக்குத் தெரியல. உலகத்துல இப்ப யாருக்கும் தெரியாது" என்றாள். அப்படிச் சொன்னதில் அவளுக்கு வெட்கம் ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரியாது என்பதைத்தான் அவள் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்தத் 'தெரியாது' ஒருநாள் தன் கழுத்தையே நெரிக்க வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஏனென்றால் ஊரில் ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சிற்றம்பலம், ஓய்வு பெற்ற நில அளவையர். முப்பது வருஷம் மற்றவர்களின் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்துவிட்டு, மிச்ச வாழ்வை வானத்தை அளப்பதில் கழித்துக்கொண்டிருந்தார். 'பூமி இழுக்கவில்லை' என்ற தலைப்பில் அறுபத்துநாலு பக்கப் புத்தகம் ஒன்றைத் தானே அச்சடித்து ஏழு பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, ஏழிலிருந்தும் பதில் வராததால் அது உண்மை என்று உறுதி செய்துகொண்டவர். பூமி எதையும் இழுப்பதில்லை, வானம்தான் எல்லாப் பக்கத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் தள்ளுகிறது, நம் காலடியில் பூமி மறைத்துக்கொள்வதால் மேலிருந்து வரும் தள்ளல் மட்டும் மிஞ்சுகிறது, அதற்குத்தான் எடை என்று பெயர். இதுதான் அவர் கண்டது. வெள்ளிக்கரட்டுக் கல்லில் தள்ளுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்விட்டதால் துகள்கள் அதன் ஊடாகப் போய்விடுகின்றன, ஆகவே கல் இப்போது வெறும் கூடு, பொரியுருண்டை மாதிரி, பிள்ளைகள் மேல் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று டீக்கடையில் நின்று சொன்னார். கேட்டவர்களுக்கு அது பிடித்திருந்தது. குவாரி முதலாளி ராக்கியண்ணனுக்கு மிக மிகப் பிடித்திருந்தது.

ஒரே மாதத்தில் கிரேனை நிறுத்தினார்கள். பாளத்தின் நான்கு மூலைக்கும் ஒருவராக நான்கு பேர், கோயில் பல்லக்கைத் தூக்குவதுபோல் மூன்று டன் கல்லைத் தூக்கிக்கொண்டு சரிவுப் பாதையில் இறங்கி லாரிக்குக் கொண்டுபோனார்கள். சரிவில் கல்லைப் பின்னிருந்து பிடித்து நிறுத்தும் சங்கிலிகளும், அடியில் வைக்கும் தடைக்கட்டைகளும், தலைக்கவசங்களும் மூலையில் குவிந்தன. இங்கேதான் அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு நடந்தது. மூன்று தலைமுறையாக அவர்கள் கல்லை அறிந்தது தூக்கிப் பார்த்துத்தான். ஓரத்தை நெம்பி, கைக்கு வரும் பாரத்தை வைத்தே இத்தனை டன் என்று சொல்லிவிடும் அவர்கள் கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அதனால் தூக்கிப் பார்த்தார்கள், லேசாக இருந்தது, முடிந்தது விஷயம். தள்ளிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பரிமளத்துக்குத் தோன்றியது. பள்ளிக்கூட வாசலில் கிடந்த பழைய உரலை மூன்று இரும்புக் குழாய்களின் மேல் வைத்துத் தள்ளினாள். ஒரு கையால் தூக்க முடிந்த உரல், தள்ளும்போது எருமை மாதிரி அசைய மறுத்தது. பல்லைக் கடித்துத் தள்ளியபிறகு நகர்ந்தது, நகர்ந்த பிறகு நிற்க மறுத்தது, கால் வைத்து நிறுத்தப் பார்த்தவளின் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் மரத்தில் மோதியது. எடைதான் போயிருக்கிறது, நிறை போகவில்லை. கல்லின் பிடிவாதம் முழுசாக உள்ளேயே இருக்கிறது. ரத்தம் வழியும் காலோடு நொண்டிக்கொண்டே அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, அந்தக் கல்லுக்குள்ள மூணு டன்னும் அப்படியே இருக்குது. தூக்கறப்பத் தெரியாது. நிறுத்தறப்பத்தான் தெரியும். சங்கிலி இல்லாமச் சரிவுல எறங்காதீங்க."

செங்கோடன் அவள் காலைப் பார்த்தான், மஞ்சள் எடுத்து வர உள்ளே சொன்னான். "மொதலாளி வேண்டாம்னுட்டாரு அம்மிணி. சங்கிலி போட்டா நேரமாவுதுங்கறாரு."

"அவரா கல்லத் தூக்கறாரு?"

"உன்னப் படிக்க வெச்சது அந்தக் குவாரிதான், மறந்துறாத" என்றான். பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுக் கல்லுடைக்கப் போனவன் அவன், தங்கை போக வேண்டும் என்பதற்காக. அவளைப் படிக்க வைத்தது குவாரி இல்லை, அவன்தான். அது அவனுக்கே தெரியாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சங்கிலி தேவையில்லை என்று ஆகிவிட்டால் போதுமா, அரசாங்கத்துக்கு ஒரு காகிதம் வேண்டுமே. ராக்கியண்ணன் ஐந்து பேர் கொண்ட ஆய்வுக் குழு அமைத்தார். அவர் ஒருவர், சிற்றம்பலம் ஒருவர், பூசாரி ஒருவர், ஊராட்சித் தலைவிக்குப் பதிலாக எங்கும் வந்து உட்காரும் அவள் புருஷன் ஒருவர், அறிவியலும் வேண்டும் என்பதற்காகப் பரிமளம். கார்த்திகை அமாவாசையன்று குவாரி முற்றத்தில் நாற்காலி போட்டுக் கூடினார்கள்.

"நீங்க சொல்ற தள்ளற வானம் புதுசில்லைங்க" என்று பரிமளம் தொடங்கினாள். சிற்றம்பலத்தின் புத்தகத்தை அவள் இரண்டு முறை படித்திருந்தாள். ஊரில் அதை முழுசாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே இத ஒருத்தர் சொல்லி, பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து யோசிச்சுப் பாத்துருக்காங்க. மழையில ஓடுனா முன்பக்கந்தான் அதிகமா நனையும். சுத்தியும் துகள் தள்ளுதுன்னா, ஓடற பூமிய முன்னால இருந்து அதிகமாத் தள்ளும், பூமி எப்பவோ வேகம் கொறஞ்சு சூரியன்ல விழுந்துருக்கும். அந்தத் துகளெல்லாம் வந்து மோதற சூட்டுல நாமெல்லாம் வெந்துருப்போம். வேகலையே?"

"அது உங்க பாடப்புத்தகத்து வானம் டீச்சர். என்ற வானம் வேற" என்றார் சிற்றம்பலம், சிரித்துக்கொண்டே.

"கல்லு வெறுங்கூடுன்னா எல்லை வளைவத் தாண்டுன உடனே மூணு டன்னும் எங்கிருந்துங்க வருது?"

"அங்க வானம் வேற மாதிரித் தள்ளுது."

"எதக் கேட்டாலும் வேற வானம்னு சொன்னா எப்படிங்க? என்ன நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க? அத மட்டும் சொல்லுங்க."

சிற்றம்பலம் உண்மையிலேயே யோசித்தார். அப்படி ஒரு கேள்வி அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. "எதுவும் நடக்காது" என்றார் கடைசியில்.

"சரி, உங்களுக்கு ஏன்னு தெரியுமா?" என்று இடையில் புகுந்தார் ராக்கியண்ணன்.

"தெரியாதுங்க. ஆனா கல்லு நசுக்குமா நசுக்காதான்னு தெரியும். ஏன்னு தெரியாமலே அத அளந்து பாக்க முடியும்."

அமாவாசைக்கு அமாவாசை குவாரியில் திருஷ்டிப் பூசணி உடைப்பது வழக்கம், குங்குமமும் சுண்ணாம்பும் அடைத்த பூசணி ஒன்று வாசலில் தயாராக இருந்தது. பரிமளம் அதை எடுத்து வந்து, ஒரு ஆளின் நெஞ்சு உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கி, அலுவலகச் சுவரை ஒட்டி வைத்தாள். நான்கு பேர் பாளத்தைத் தூக்கிக்கொண்டு சாதாரண நடையில் வந்து சுவருக்குப் பக்கத்தில் கையை விட்டு விலக வேண்டும் என்றாள். வந்தார்கள், விட்டார்கள். பாளம் அவசரமே இல்லாமல் போய்ப் பூசணியைச் சுவரோடு தேய்த்தது. பூசணி என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை. சிவப்பு நீர் சுவரில் ஆள் உயரத்துக்குத் தெறித்து வழிந்தது.

பரிமளம் திரும்பி அவர்கள் முகங்களைப் பார்த்தாள். இனி என்ன சொல்வார்கள் என்று நினைத்தாள், பாவம்.

"ஆகா!" என்றார் பூசாரி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி. "அய்யனே கல்லா வந்து திருஷ்டி கழிச்சுட்டான்!"

எல்லோரும் கும்பிட்டார்கள். கல்லைத் தூக்கி வந்த நான்கு பேரும் கும்பிட்டார்கள், செங்கோடன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதன்பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் பூசணியைக் கல்லை விட்டு நசுக்குவது வழக்கமாகியது, பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தார்கள், சுண்டல் கொடுத்தார்கள். அன்று இரவு பரிமளம் சாப்பிடவில்லை. கண்ணெதிரே காட்டியதைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடும் ஜனத்தை என்ன செய்வது? மக்குகள் என்றால் மன்னித்துவிடலாம். கல்லின் கண்ணைப் பார்த்தே எங்கே பிளக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

தை மாதம் பன்னிரண்டாம் தேதி, பகல் வெளிச்சத்தில், நான்கு பேர் ஒரு பாளத்தைச் சரிவில் இறக்கினார்கள். முன்னால் மாரப்பன், பின்னால் செங்கோடன். கீழே லாரி வழக்கத்தைவிடச் சற்றுக் கிட்டத்தில் வந்து நின்றிருந்தது. "நில்லு, நில்லு" என்று கத்தினார்கள், நான்கு பேரும் நின்றார்கள், கல் நிற்கவில்லை. மாரப்பன் லாரியின் பின்பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்தான். பிறகு கல்லை விலக்க இரண்டே பேர் போதுமாக இருந்தது, தூக்கியவர்கள் கைக்கு அது லேசாகவே இருந்தது, அதனால் கல்லை யாரும் குறை சொல்லவில்லை.

நெஞ்சடைப்பு என்றார் ராக்கியண்ணன். ஒரு கூடு எப்படி ஆளைக் கொல்லும் என்று கேட்டார். வானத்தின் தள்ளல் அந்த இடத்தில் திடீரென்று மாரப்பன் நெஞ்சில் கூடியிருக்கலாம் என்று சிற்றம்பலம் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு ஓர் அத்தியாயம் எழுதினார். மாரப்பனின் பெண்டாட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அறிக்கை தட்டச்சாகி வந்தது. வெள்ளிக்கரட்டுக் கல்லால் எந்த உயிருக்கும் ஆபத்தில்லை, ஆகவே சங்கிலி, தடைக்கட்டை, கவசம் எதுவும் தேவையில்லை. இதற்கு மாறான காரணம் எதையும் அறிவியலால் சொல்ல முடியவில்லை. குழுவின் அறிவியல் உறுப்பினரே 'தெரியாது' என்று ஒப்புக்கொண்டுள்ளார். ஐந்தாவது கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை சங்கிலிகள் பழைய இரும்புக்குப் போகும், மாரப்பன் நின்ற முன் இடத்தில் செங்கோடன் நிற்பான்.

"முடியாதுன்னு சொல்லிருண்ணா" என்று கெஞ்சினாள்.

"மொதலாளி சொன்னதுக்கப்பறம் நான் என்னத்தச் சொல்றது?"

"மாரப்பண்ணன நீ பாத்தயில்ல? பின்னால நின்னு பாத்தயில்ல?"

"பாத்தேன்" என்றான். "அதுக்காக மொதலாளிகிட்ட எதுத்துப் பேசச் சொல்றியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வரும்போது பரிமளம் இரண்டு மணி நேரமாகக் குவாரி முற்றத்தில் இருந்தாள். குழாய்களின் மேல் ஒரு பாளம், அலுவலகச் சுவரைப் பார்த்தபடி, பத்தடி தள்ளி. பூசணிக் கறை சுவரில் இன்னும் இருந்தது.

"கையெழுத்துப் போடறேன்" என்றாள். "அதுக்கு முன்னாடி நீங்க நாலு பேரும் அந்தச் சொவத்து ஓரமா நில்லுங்க. நான் ஒருத்திதான் தள்ளப்போறேன். பொம்பள தள்ளற கூடுதானுங்களே. வந்து மேல படட்டும், பட்டதும் போட்டுர்றேன்."

ராக்கியண்ணன் சிரித்தார். சிரித்தபிறகு மாட்டேன் என்று சொல்ல முடியாது, சுற்றி வேலையாட்கள் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். நால்வரும் போய்ச் சுவரில் சாய்ந்தார்கள். "செங்கோடா, நீயும் வந்து நில்லு. தங்கச்சிக்குத் தைரியமா இருக்கும்" என்றார். செங்கோடன் போய் நடுவில் நின்றான். அண்ணன் அங்கே நிற்பது பரிமளத்தின் கணக்கில் இல்லை. ஆனால் இப்போது நிறுத்தினால் நாளைக்கு அவன் சரிவில் நிற்பான். இரண்டு உள்ளங்கையையும் கல்லில் வைத்துத் தள்ளத் தொடங்கினாள்.

முதலில் ஒன்றும் அசையவில்லை, யாரோ கிண்டல் செய்தார்கள். அவள் தள்ளினாள். காலை ஊன்றி, சேலையைச் சொருகி, பூசணியை நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்ட கைகளை நினைத்து, மாரப்பனின் பெண்டாட்டி உட்கார்ந்திருந்த உட்காரலை நினைத்து, அறுபத்துநாலு பக்கத்தையும் நினைத்துத் தள்ளினாள். கல் ஒரு விரல் நகர்ந்தது, ஒரு சாண் நகர்ந்தது, பிறகு அவளைக் கேட்காமலே போனது. அவள் கையை எடுத்துவிட்டாள். ஒருவரும் தள்ளாத கல் சுவரை நோக்கி வந்தது, மெல்ல, ஆள் நடக்கும் வேகம்கூட இல்லாமல்.

ஆறடியில் ஊராட்சித் தலைவியின் புருஷன் செருப்புச் சரி செய்வதுபோலக் குனிந்து அப்படியே விலகினார். ஐந்தடியில் பூசாரி அய்யனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். நாலடியில் ராக்கியண்ணனின் சிரிப்பு நின்றது, அவர் இடது பக்கம் நகர்ந்தார். சிற்றம்பலம் மட்டும் நின்றார், முகம் வெளுத்து, உதடு எதையோ முணுமுணுக்க. அவர் உண்மையாகவே நம்பியவர். மூன்றடியில் அவருடைய கால்கள் அவருடைய தலையைக் கேட்காமல் அவரைத் தூக்கிக்கொண்டு போயின.

செங்கோடன் நின்றான்.

"அண்ணா, வா!" என்று அவள் கத்தினாள். நாற்பது பேரும் கத்தினார்கள். அவன் முதலாளி முகத்தைப் பார்த்தான். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. செங்கோடன் சுவரோடு முதுகை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது கல்லின் பின்னால் தூசியில் கிடந்த சங்கிலி விறைத்து எழுந்தது. நாளைக்குப் பழைய இரும்பு ஆகவேண்டிய சங்கிலி. அதன் ஒரு முனையைக் கல்லிலும் மறுமுனையைக் கிரேனின் காலிலும் அவள் காலையிலேயே பூட்டி, பள்ளிக்கூட டேப்பை வைத்து நாலு முறை அளந்திருந்தாள். கிரேன் முழுதும் ஒரு முறை அதிர்ந்து முனகியது. கல் நின்றது. செங்கோடன் நெஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

பரிமளம் கல்லைச் சுற்றிப் போய் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. "ஏன் நகரல? நீ ஏன் நகரல?"

"மொதலாளி சொல்லலியே" என்றான் செங்கோடன்.

அவள் அழவில்லை. மேசைக்குப் போனாள், தட்டச்சு வரிகளைக் குறுக்கே அடித்தாள், கீழே தன் கையால் எழுதினாள், எழுதியதைக் கடைசி ஆள்வரை கேட்கும்படி படித்தாள்: "கல் ஏன் எடை இழந்தது என்று தெரியவில்லை. கல்லைத் தள்ளியபோது அது கூடு என்று சொன்ன நான்கு உறுப்பினர்களும் நகர்ந்தார்கள். நகராத ஒருவரைக் காப்பாற்றியது சங்கிலி." ஐந்தாவது இடத்தில் கையெழுத்துப் போட்டாள். "இப்ப மிச்ச நாலு பேரும் போடுங்க" என்றாள். பேனாவைத் தொட ஒருவரும் வரவில்லை.

செங்கோடன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சுவரோரமே நின்றிருந்தான். பிறகு கல்லைச் சுற்றி வந்து, குனிந்து, சங்கிலியைக் கழற்றி, வளையம் வளையமாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். அது நல்ல கனமாக இருந்தது, நடக்கையில் அவன் ஒரு பக்கம் சாய்ந்தான். மூலையில் குவிந்திருந்த மற்ற சங்கிலிகளையும் தூக்கச் சொல்லி ஆட்களுக்குக் கை காட்டிவிட்டு, சரிவுப் பாதையின் தலைக்கு நடந்தான்.

ராக்கியண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் அவரிடம் கேட்கவில்லை.